நாலடி தள்ளி ஐந்தாம் வகுப்பு

எங்கள் கல்லூரியில் பட்டம் வாங்க வேண்டுமானால் அறுபது மணி நேரம் சமுதாயத்துக்குச் சேவை செய்திருக்க வேண்டும். இதைப் பற்றிச் சமுதாயத்திடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. என் வகுப்பில் இரண்டு பேர் திருக்கடையூர்க் கோவிலில் அறுபதாம் கல்யாணக் கூட்டத்தை வரிசையில் நிறுத்தப் போனார்கள். மூன்று வேளையும் பந்தியில் உட்கார்ந்து, ஒரே வாரத்தில் அறுபது மணி நேரத்தையும் முடித்து, ஆளுக்கு நாலு கிலோ கூடித் திரும்பினார்கள். எனக்கு வாய்த்தது நெடுவாய்க்கால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி.

எனக்குக் காலை ஷிஃப்ட். கல்லூரி முடிந்து, குத்தாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சைக்கிளில் இருபது நிமிடம் மிதித்தால் இரண்டேகாலுக்குப் பள்ளிக்கூடம். அங்கே இரண்டு அறைகள். ஒன்று மழை பெய்தால் ஒழுகும், மற்றது ஒழுகாது. ஒழுகாத அறையில் பதிவேடுகள் இருந்தன; ஒழுகுகிற அறையில் பிள்ளைகள் இருந்தார்கள்.

“பதிவேடு நனைஞ்சா எழுத்து அழிஞ்சிடும் தம்பி. புள்ளைங்க நனைஞ்சா காஞ்சிடுவாங்க” என்று தலைமையாசிரியர் இராஜாங்கம் சார் விளக்கினார். 

ஆக, ஐந்து வகுப்பும் ஒரே அறையில். கரும்பலகையை ஒட்டிய பாய் ஒன்றாம் வகுப்பு. அதற்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக ஐந்தாம் வகுப்புப் பாய். நடுவே நாலடி சிமெண்டுத் தரை. மற்ற மூன்று வகுப்புகளும் பின்சுவரில் சாய்ந்திருக்கும். அந்த நாலடியைக் கடக்க ஒரு பிள்ளைக்குச் சாதாரணமாக நான்கு வருடம் ஆகும்.

மொத்தம் பதினேழு பிள்ளைகள். எட்டுப் பேர் உள்ளூர். ஊரின் மீதிப் பிள்ளைகள் காலை ஏழரைக்கு மஞ்சள் வேனில் ஏறி ஆங்கிலத்தை நோக்கிப் போய்விடுவார்கள். பாக்கி ஒன்பது பேர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து அரிசி ஆலையில் வேலை செய்கிற வடக்கத்திக் குடும்பங்களின் பிள்ளைகள். அந்த ஒன்பது பேர் வரவில்லையென்றால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியை எங்கேயாவது ஒப்படைத்திருப்பார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்வதில்லை.

நான் போன முதல் நாளே இராஜாங்கம் சார் கேட்டார்.

“தம்பி பேரு?”

“பரிதி சார்.”

“ஹிந்தி தெரியுமா பரிதி?”

“தெரியும் சார்.”

ஏழாம் வகுப்பில் என் அத்தையின் வற்புறுத்தலால் ஒரு ஹிந்தித் தேர்வு எழுதித் தேறியிருந்தேன். அதற்குப் பிறகு அந்த மொழியை நானும் தொந்தரவு செய்யவில்லை, அதுவும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

“நல்லதாப் போச்சு. இந்த ஹிந்திக்காரப் புள்ளைங்களுக்கு நீங்க ஹிந்தியில சொல்லிப் புரிய வைங்க. அப்புறம் டீச்சர் தமிழ்ல எடுத்துக்குவாங்க.”

டீச்சர் என்பது மலர்க்கொடி டீச்சர். பள்ளியின் இரண்டு ஆசிரியர்களில் மற்றவர். சார் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டார், டீச்சர் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொண்டார். வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டதாகச் சார் சொல்வார்.

மூன்று வாரம் உழைத்தேன். ஒன்பது பேரையும் வரிசையாக உட்கார வைத்து “துமாரா நாம் கியா ஹை” என்பேன். அவர்கள் என்னை அன்போடு பார்ப்பார்கள். மூன்றாவது வாரக் கடைசியில் அவர்களும் என்னைப் பார்த்து “துமாரா நாம் கியா ஹை” என்று கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி மௌசுமி. வயது பத்து. உட்கார்ந்திருந்தது ஒன்றாம் வகுப்புப் பாயில். தமிழ் தெரியாது என்பதால் ஜூன் மாதம் சேர்க்கையின்போதே சார் அவளை அங்கே உட்கார வைத்திருந்தார். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு நடுவே, முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வந்த ஒரு மாதத்திலேயே ஒன்றாம் வகுப்பின் நிர்வாகம் அவள் கைக்கு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்து விடுவாள், பென்சில் சீவிக் கொடுப்பாள். செம்மொழி என்றொரு குட்டி, உள்ளூர்க்காரி, மௌசுமியின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் ‘அ’ எழுதுவாள்.

மலர்க்கொடி டீச்சர் ஒருநாள் என்னை அழைத்து மௌசுமியின் சிலேட்டைக் காட்டினார்.

“நான் என்ன பாடம் எடுத்தேன் இன்னிக்கு?”

“ஒண்ணாம் வகுப்புக்கா? மூணும் ரெண்டும் அஞ்சு.”

“இது என்ன?”

சிலேட்டில் இருந்தது பின்னக் கணக்கு. அன்று ஐந்தாம் வகுப்புக்காகக் கரும்பலகையின் வலது பாதியில் டீச்சர் எழுதிப் போட்டது. நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த நான்கு பேரில் ஒருவருக்கும் விடை வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் வந்திருந்தது.

“இவ ஊர்ல நாலாவதாவது முடிச்சிருப்பா பரிதி. நீங்க ஹிந்தியில கேளுங்க.”

கேட்டேன். மௌசுமி என் பெயர் என்ன என்று கேட்டாள்.

உண்மை வெளியே வந்தது குத்தாலத்தில், ஹாஜா மைதீன் பாயின் கடையில். மொபைல், ஃபேன்சி, ரீசார்ஜ் எல்லாம் கலந்த கடை. என் போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போயிருந்தேன். கல்லாவுக்கு முன்னால் மௌசுமி, அவள் அம்மா சாபினா, சாபினாவின் இடுப்பில் இரண்டு வயதுப் பையன். பாய் அவர்களோடு சரளமாக என்னவோ பேசிக்கொண்டிருந்தார். மௌசுமி அவரைச் “சாச்சா” என்றாள். அந்த ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளிலும் அப்பாவின் தம்பிக்கு அதுதான் பெயர்.

“பாய், உங்களுக்கு ஹிந்தி இவ்வளவு நல்லா வருமா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஹிந்தியா? இது வங்காளம் தம்பி. முர்ஷிதாபாத்துக்காரங்க. இவங்களுக்கு ஹிந்தி உனக்குத் தெரிஞ்ச அளவுக்குத்தான் தெரியும்.”

“எனக்குத் தெரியும் பாய்.”

“அதான் சொன்னேன்.”

பாய் ஷார்ஜாவில் பதினாறு வருடம் ஒரு கட்டுமானக் கம்பெனியின் மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். சாப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வங்காளிகள்.

“என் வங்காளம் சோத்து வங்காளம்தான். சோறு வேணுமா, உப்பு பத்துதா, இன்னொரு கரண்டி போடவா, தட்டைக் கழுவி வையிடா பன்னாடை. அதுக்கு மேல வராது. ஆனா பதினாறு வருஷம் அதுலயே ஓட்டிட்டேன்.”

அன்று அந்தச் சோற்று வங்காளத்தில்தான் விஷயம் தெரிந்தது. மௌசுமி ஊரில் நாலாம் வகுப்பு முடித்தவள். இங்கே ஒன்றிலேயே பதிவாகிப் போனால் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடப் போவதாகச் சாபினா சொன்னாள். ஆலைக் களத்துக்குக் கூட்டிப் போனால் தம்பியையாவது பார்த்துக்கொள்வாள். இதைச் சொல்லும்போது சாபினா கோபப்படவில்லை. விலை கேட்டுவிட்டுத் திரும்புகிறவரைப் போலச் சொன்னாள்.

மௌசுமி போன் உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவற்றில் எதையும் அவள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை டீச்சரிடம் சொன்னேன். மூன்று வாரமாக நான் வங்காளப் பிள்ளைகளுக்கு ஹிந்தி நடத்தியது தெரிந்ததும் அவர் சிரிக்காமல் இருக்கப் பெருமுயற்சி எடுத்தார். தோற்றுப் போனார்.

“சரி, அத விடுங்க. வெள்ளிக்கிழமை முப்பத்தொண்ணு. அதோட இணையதளத்துல மாணவர் விவரத்தப் பூட்டிடுவாங்க. அதுக்கப்புறம் வகுப்ப மாத்தவே முடியாது. அதுக்குள்ள சாரைச் சம்மதிக்க வைக்கணும்.”

இராஜாங்கம் சாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். முப்பத்து நான்கு வருடப் பணியில் ஒரு மெமோ கூட வாங்கியதில்லை. எந்த முடிவையும் தானாக எடுக்காமல் இருந்ததால் கிடைத்த பெயர் அது.

புதன்கிழமை இரண்டரைக்கு, ஆலையில் சாப்பாட்டுக்கு விட்ட நேரத்தில் சாபினா வந்தாள். கூந்தலில் உமித்தூசி. களத்தில் கூட வேலை செய்யும் பெண்களிடம் அவள் கற்ற தமிழ் அவளிடம் இருந்தது. நெல்லைக் கிளறு, தள்ளு, மூடு, மழை வருது. இதற்குள் அடங்குகிற எதையும் அவளால் பேச முடியும். அடங்காததையும் அன்று பேசினாள்.

“சார், புள்ள ஒண்ணு வேணாம். புள்ள அங்க நாலு முடிச்சாச்சு. அஞ்சு குடுங்க. ஒண்ணுன்னா வேணாம், களத்துக்கு வரட்டும்.”

“மாற்றுச் சான்றிதழ் இருக்காம்மா? டி.சி., டி.சி.”

“வீடு ஆத்துல போச்சு சார். டிசி வீட்டுல.”

கங்கை கரையை அரித்து, அவர்கள் தெருவே ஆற்றுக்குள் போயிருந்தது. சார் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“ஆத்துல போனதுக்கு ஏதாவது சான்று இருக்கா?”

சாபினா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டு அறையின் கூரையைப் பார்த்தேன். உண்மையாகவே ஒழுகின அடையாளம் இல்லை.

சாபினா போனதும் டீச்சர் பீரோவைத் திறந்தார். ‘சுற்றறிக்கைகள் – இதர’ என்றொரு கோப்பை எடுத்துப் பிரித்து, ஒரு தாளைச் சாருக்கு முன்னால் வைத்தார். சான்றிதழ் இல்லையென்றாலும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், தேவைப்பட்டால் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அடியில் நீல மையில் ‘பார்வையிட்டேன்’ என்று எழுதி, சாரே கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தார். தேதி ஆறு வருடத்துக்கு முந்தையது.

சார் தன் கையெழுத்தை நீண்ட நேரம் பார்த்தார். போலி இல்லை.

“ஒரு நாளைக்கு இருபது வருது டீச்சர். பார்வையிடத்தான் நேரம் இருக்கு. படிக்க எங்க இருக்கு?”

“இப்ப படிச்சிட்டீங்கள்ல சார்.”

“படிச்சிட்டேன். சுற்றறிக்கை சரிதான்.” குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஆய்வுக்கு வர்றவங்க அஞ்சாம் வகுப்புப் புள்ளய எழுப்பி ஒரு பத்தி வாசிக்கச் சொல்வாங்க. இவ வாசிக்க மாட்டா. எதை வச்சு அஞ்சுல போட்டீங்கன்னு என்னக் கேப்பாங்க. ஒண்ணாம் வகுப்புல உக்காந்திருந்தா யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல.”

“தமிழ் என் பொறுப்பு சார். ஆறு மாசத்துல வாசிக்க வச்சிடறேன். மத்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் சொல்றேன்.”

“நீங்க சொல்றீங்க. காகிதம் சொல்லணும்ல?”

காகிதம். பிரச்சினை அவ்வளவு சின்னதாகச் சுருங்கியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. காகிதம் உண்டாக்குவதில் கல்லூரி மாணவனுக்கு உள்ள அனுபவம் வேறு யாருக்கும் இல்லை.

“சார், அவ மொழியிலேயே ஒரு தேர்வு வச்சு, தேர்வு வச்சவரு எழுதிக் குடுத்தா?”

சார் முகம் கொஞ்சம் தெளிந்தது. “கையெழுத்தோட?”

“கையெழுத்தோட.”

“முத்திரை?”

“பாத்துக்கலாம் சார்.”

அன்று சாயங்காலமே பாயின் கடைக்குப் போனேன். தேர்வெல்லாம் தன் சோற்று வங்காளத்துக்கு அடங்காது என்று பாய் முதலில் கையை விரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஹஸ்ஸான் இருக்கான். பங்களாதேஷ்காரன். பத்து வருஷம் ஒரே ரூம் நாங்க. இப்பவும் ஷார்ஜாவுலதான் கிரேன் ஓட்டுறான். எட்டாவது வரைக்கும் படிச்சவன். அவன் கேப்பான்.”

“வேலை நேரமா இருக்காதா பாய்?”

“இந்த வெயில் காலத்துல அங்க பகல் பன்னண்டரையிலேர்ந்து மூணு வரைக்கும் வெளி வேலை செய்யக் கூடாதுன்னு சட்டம். நம்ம ரெண்டரைக்கு அவனுக்கு ஒரு மணி. நிழல்ல சாஞ்சு கெடப்பான். அந்த நேரத்துல புள்ளைக்குப் பரீட்சை வைக்கட்டுமே. குறைஞ்சா போயிடுவான்?”

வெள்ளிக்கிழமை பாய் கடையை மனைவி கமருன்னிஸாவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்தார். ஆசிரியர் மேசையைச் சார் நடுவே இழுத்துப் போட்டு, உலக உருண்டையின் மேல் போனைச் சாய்த்து வைத்தார். நான் கவனித்தேன்: போன் ஏறக்குறைய அரேபியாவின் மேலேயே சாய்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பையனை இடுப்பில் வைத்தபடி சாபினா நின்றாள். மேஸ்திரியிடம் நாலு மணி வரைக்கும் அனுமதி வாங்கி வந்திருந்தாள்.

திரையில் ஹஸ்ஸான் வந்ததும் இராஜாங்கம் சார் எழுந்து நின்று கும்பிட்டார். ஹஸ்ஸான் ஒரு கண்டெய்னரின் நிழலில் மஞ்சள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா. அவரும் எச்சில் கையோடு எழுந்து நின்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பாய்தான் இரண்டு மொழியிலும் உட்காரச் சொன்னார்.

முதலில் சொல்வதெழுதுதல். ஹஸ்ஸான் மென்றுகொண்டே சொல்ல, மௌசுமி குனிந்து எழுதினாள். அதுவரை அவளிடம் நான் பார்த்திராத வேகம். சிலேட்டில் ‘அ’ எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு கோடு இழுப்பவள், இப்போது கையைத் தூக்காமல் அரைப்பக்கம் எழுதி, நோட்டைப் போனுக்கு நேரே காட்டினாள். ஹஸ்ஸான் கண்ணைச் சுருக்கி வாசித்தார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு பாயிடம் என்னவோ சொன்னார்.

“ரெண்டு தப்பாம் சார். அவன் எழுதியிருந்தா அஞ்சு தப்பு வந்திருக்குமாம்.”

“ரெண்டுன்னு குறிச்சிக்குங்க” என்றார் சார் என்னிடம்.

அடுத்தது கணக்கு. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து சாரே தேர்ந்தெடுத்தார்: ஒன்றிலிருந்து முக்காலும் அரைக்காலும் போனால் மீதி என்ன? பின்னத்துக்கு வங்காளத்தில் என்ன சொல்வதென்று பாய்க்குத் தெரியவில்லை. ஹஸ்ஸானுக்குக் கேள்வி சரியாகக் கேட்கவில்லை; பின்னால் எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் ஓடியது. பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மெஸ்ஸுக்குள் இறங்கிவிட்டார். தமிழில் எங்களுக்கும் வங்காளத்தில் அவளுக்குமாகச் சொன்னார்.

“ஒரு பரோட்டா. அதுல முக்கா நான் தின்னுட்டேன். அரைக்கா ஹஸ்ஸான் தின்னுட்டான். தட்டுல என்ன இருக்கும்?”

மௌசுமி சிலேட்டில் எட்டில் ஒன்று என்று எழுதிக் காட்டினாள். கூடவே பாயிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“என்னவாம்?” என்றார் சார்.

“அந்தத் துண்டை மட்டும் யாருக்கு மிச்சம் வச்சீங்கன்னு கேக்குது சார்.”

ஐந்தாம் வகுப்புப் பாய் கைதட்டியது. ஒன்றாம் வகுப்புப் பாய் எதற்கென்று தெரியாமல் இன்னும் பலமாகத் தட்டியது. அதற்குப் பிறகு நான்கு கணக்கு. சோறு, முட்டை, பருப்பு, தண்ணீர் டேங்க். நான்கும் சரி. ஐந்தாம் வகுப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் தங்களை யாரும் கேட்டுவிடக் கூடாதென்று ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார்கள்.

முடிக்கும்போது ஹஸ்ஸான் சாரை நேராகப் பார்த்து, கொஞ்சம் நீளமாகப் பேசினார். பாய் கேட்டு முடித்துவிட்டுச் சார் பக்கம் திரும்பினார்.

“அவன் ஊர்லயே கிரேன் ஓட்டினவன் சார். லைசென்ஸோட வந்தான். இங்கிலீஷ்லயும் அரபியிலயும் போர்டு படிக்கத் தெரியலன்னு கம்பெனியில சரக்கு ஆடாம கயிறு பிடிக்கிற வேலை குடுத்தாங்க. நாலு வருஷம் கீழ நின்னு, மேல ஓட்டுறவன் செய்யுற தப்பை அண்ணாந்து பாத்துட்டே இருந்தானாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு மேனேஜர் வந்து, ஏறி ஓட்டிக் காட்டுடான்னாரு. ஓட்டினான். அவ்வளவுதான். அத ஏன் மொத நாளே யாரும் கேக்கலன்னு அவனுக்கு இன்னும் புரியலயாம். கோவமெல்லாம் இல்ல சார். சும்மா கேக்குறான்.”

சார் மேசையில் இருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து டப்பாவில் போட்டார். பிறகு,

“அவரு எட்டாவது பாஸுன்னு சொன்னீங்கள்ல?” என்றார் என்னிடம்.

“ஆமா சார்.”

“எட்டாவது முடிச்சவர் அஞ்சாவதுக்குச் சான்று குடுக்கலாம். அதுல ஒண்ணும் தப்பு இல்ல.”

எந்த விதியில் அப்படி இருக்கிறதென்று யாரும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்து எழுதினேன். ‘மாணவி மௌசுமி காதூன் என்பார், ஷார்ஜாவிலிருந்து நேரலையில், அவரது தாய்மொழியில், எழுத்து, கணக்கு ஆகியவற்றில் முறைப்படி சோதிக்கப்பட்டு, ஐந்தாம் வகுப்பில் பயிலத் தகுதி உடையவர் எனக் கண்டறியப்பட்டார்.’ ஹஸ்ஸானின் சார்பில் ஹாஜா மைதீன் கையெழுத்துப் போட்டார். சார் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“முத்திரை?”

பாய் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து, வாரண்டி அட்டைகளில் குத்தும் கடை முத்திரையையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்தார். அழுத்தி ஒரு குத்து. ‘மைதீன் மொபைல்ஸ் & ஃபேன்சி, குத்தாலம். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’

சார் அதை வாசித்தார். டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

“வட்டமா இருந்திருக்கலாம்” என்றார் சார் கடைசியில். “பரவால்ல.”

மணி மூன்றரை. பாயின் போனிலிருந்து இணையம் எடுத்து, சார் தன் மடிக்கணினியில் மௌசுமியின் பக்கத்தைத் திறந்தார். வகுப்பு என்ற இடத்தில் ஒன்று என்றிருந்தது. அம்புக்குறியை அழுத்தினார். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று பட்டியல் இறங்கியது. ஐந்தின் மேல் அவர் விரல் நின்றது. முப்பத்து நான்கு வருடம் நின்ற விரல். உடனே அழுத்த வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே சாபினா குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். இடுப்பில் இருந்த பையன் மட்டும் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தான். மௌசுமி திரையைப் பார்க்கவில்லை. சாரின் விரலைத்தான் பார்த்தாள்.

சார் அழுத்தினார். ‘மாற்றம் சேமிக்கப்பட்டது’ என்று வந்தது. உடனே கையை எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“அஞ்சு?” என்று ஜன்னலிலிருந்து சாபினா கேட்டாள்.

நான் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

அவள் மகளைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. “மழை வருது, நெல்லு மூடணும்” என்று சொல்லிவிட்டுப் பையனோடு வரப்பில் ஓடினாள். ஓட்டத்தின் நடுவே ஒருமுறை திரும்பி, ஐந்து விரலையும் விரித்து எனக்குக் காட்டினாள்.

சார் அந்தத் தாளைக் கோப்பில் வைக்கப் பதிவேட்டு அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? சுற்றறிக்கையே போதுமே. இந்தத் தாளை யாராவது மதிப்பாங்களா?”

“ஃபேன்சி கடை சீலு தம்பி. எவன் மதிப்பான்?” கோப்பைக் கட்டி, முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். “எனக்குக் கை நடுங்கும். பிடிச்சுக்க ஒண்ணு வேணும்ல?”

வகுப்பறைக்குத் திரும்பினோம். மௌசுமி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மடங்கியிருந்த முழங்காலை ஒருமுறை நீட்டினாள். நாலடி. இரண்டே எட்டில் கடந்து ஜன்னலோரப் பாயில் உட்கார்ந்தாள். ஏற்கெனவே இருந்த நான்கு பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவன் அவளிடம் உடனடியாகப் பின்னக் கணக்கு நோட்டை நீட்டினான்.

மறு நிமிடம் செம்மொழி எழுந்தாள். பாவாடை நுனி போன இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவன். பிறகு மற்ற மூன்று பேரும் சிலேட்டுகளோடு நகர்ந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பாயில் ஒரு ரப்பர் மட்டும் கிடந்தது.

“சார்” என்றார் மலர்க்கொடி டீச்சர்.

இராஜாங்கம் சார் காலியான பாயைப் பார்த்தார். நிரம்பி வழிந்த பாயைப் பார்த்தார். அதே சமயம் கூரையிலிருந்து முதல் சொட்டு, காலியான பாயின் நட்டநடுவில் விழுந்தது.

“மழை விடுற வரைக்கும் இருக்கட்டும்” என்றார்.

மழை ஐந்து மணிக்கு விட்டது. அது நடந்து பத்து நாள் ஆகிவிட்டது. பதிவேட்டின்படி இன்று ஐந்தாம் வகுப்பில் ஐந்து பேர். பாயில் பத்துப் பேர். தமிழ்ப் பாடத்தில் செம்மொழி மௌசுமிக்கு ‘ஆ’வன்னா திருத்துகிறாள், கணக்குப் பாடத்தில் மௌசுமி எல்லோருக்கும் திருத்துகிறாள். கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் பாய் வந்து மற்ற எட்டு வங்காளப் பிள்ளைகளையும் பரோட்டாக் கணக்குக் கேட்கிறார். அதில் இரண்டு பேர் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவர்கள் என்று டீச்சர் கண்டுபிடித்திருக்கிறார். இணையதளத்தைப் பூட்டிவிட்டார்கள். ஆனாலும் சார் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், தானாகவே. இரண்டாவது வரியில் நிற்கிறது.

என் அறுபது மணி நேரம் முடிந்துவிட்டது என்று போனேன். டீச்சர் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹிந்தி நடத்திய மூன்று வாரத்தைக் கழித்துவிட்டார். இன்னும் முப்பது மணி நேரம் பாக்கியாம். நாளை இரண்டேகாலுக்குப் போக வேண்டும். மௌசுமி எனக்கு வங்காளத்தில் பெயர் கேட்கக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.